கல்லாத்தான் இருக்குமா?

நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு டயர் புடைப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியை ஓரங்கட்டியதும் குனிந்து, டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். உள்ளே நூல் அறுந்து, ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கும் இடம் மேடாகத் தட்டுப்படும். அந்த டயரோடு நாக்பூர் கிளம்ப மாட்டார்.

அப்படியொரு புடைப்பு அவர் அடிவயிற்றுக்குள்ளும் வரலாம். வயிற்றுப் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்கு இறங்குகிறது. அந்தக் கிளைகள்தான் இலியாக் தமனிகள். அகலம் 1 செ.மீ. சொச்சம். சுவர் தளர்ந்து ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அனியூரிசம். பெரும்பாலும் பெருந்தமனி வீக்கத்தோடு சேர்ந்தே வரும். தனியாக வருவது அரிது. இடுப்பெலும்புக்குள் ஆழமாகக் கிடப்பதால் இந்தப் புடைப்பு கைக்கு எளிதில் அகப்படாது.

பலருக்கு வலியே இருக்காது. சிலருக்கு மட்டும் சிறுநீர்க்குழாயை நெருக்கி இடுப்பிலும் விலாவிலும் வலி கொடுக்கும். சேலம், நாமக்கல் பக்கம் விலா வலி என்றாலே “கல்லாத்தான் இருக்கும்” என்று வாழைத்தண்டுச் சாறு கொடுத்துவிடுவோம். எனக்குக் கவலையே இங்கேதான். அறுபதைத் தாண்டியவர், பல வருடம் பீடி குடித்தவர், பிரஷர் உள்ளவர் என்றால் சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் வயிற்று ஸ்கேனிலேயே “ரத்தக்குழாயையும் பாருங்க டாக்டர்” என்று கேட்டுவிட வேண்டும். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களைப் பெருந்தமனி ஸ்கேனுக்கு அரசே அழைக்கிறது. இங்கே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வீக்கம் தெரிந்தால் சிடி ஆஞ்சியோ அளவைத் துல்லியமாகச் சொல்லும். சிறியதென்றால் பீடியை விட்டு, பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துவரலாம். சுமார் 3.5 செ.மீ.யைத் தொட்டால் சரிசெய்வதைப் பற்றிப் பேச வேண்டும். குழாய் விரிய விரியச் சுவரின் இழுவிசையும் ஏறும், வெடிக்கும் அபாயமும் கூடும். 1948-ல் ஐன்ஸ்டைனின் பெருந்தமனி வீக்கத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றத்தான் முடிந்தது. 1955-ல் அது வெடித்து இறந்தார். இன்று வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் தைக்கலாம். தொடை வழியாக உறையிட்ட ஸ்டென்ட்டும் வைக்கலாம். ஸ்டென்ட் வைக்கையில் இடுப்புக்குள் போகும் கிளையை அடைக்க நேர்ந்தால், நடக்கும்போது பிட்டத்தில் வலி வரலாம். அந்தக் கிளையைக் காப்பாற்றும் ஸ்டென்ட்டும் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீக்கம் இருப்பதாகத் தெரிந்தவருக்கு திடீரென இடுப்போ வயிறோ கடுமையாக வலித்து, வியர்த்து மயக்கம் வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். பழைய ஸ்கேன் படத்தைக் கையோடு எடுத்துப்போய், டாக்டரிடம் முதல் பேச்சிலேயே வீக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.