உயிர் காக்கும் ஊசிக்கு வேலியா?

ஒரு கொழுப்புத் துளி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது என்றால் நம்புவீர்களா, தோழர்களே? நம்பத்தான் வேண்டும்.

கொரோனாவை எதிர்த்து 2020 டிசம்பரில் மேல்நாடுகளில் போடத் தொடங்கிய ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருந்தது ஆர்.என்.ஏ. என்னும் மெல்லிய இழை. கிருமியின் மேலுள்ள முள்ளைச் செய்யும் குறிப்பு அதில் இருக்கிறது. நம் உயிரணு அக்குறிப்பின்படி முள்ளைச் செய்கிறது; உடம்பின் காவற்படை எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால், இழையை வெறுமனே ஏற்றினால் உடம்பு அதை வழியிலேயே சிதைத்துவிடும். ஆகவே கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்பினார்கள். நானோ துகள் என்பது இதுதான். பத்தாயிரம் உருண்டைகளை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்!

இது யார் உழைப்பு? ஹங்கேரி நாட்டுக் கசாப்புக்காரரின் மகள் காத்தலின் கரிகோ, 1995இல் பல்கலைக்கழகம் பதவியிறக்கிய பின்னும் இந்த ஆராய்ச்சியை விடவில்லை. 2023இல் அவருக்கும் துரூ வைஸ்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பணம் யாருடையது? ஃபைசரின் கூட்டாளியான பயோஎன்டெக்குக்கு ஜெர்மன் அரசு 37.5 கோடி யூரோ தந்தது. மாடர்னாவுக்கு அமெரிக்க அரசு 100 கோடி டாலருக்கு மேல் தந்தது. அத்தனையும் மக்களின் வரிப்பணம்!

2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் என்ன கேட்டன? கொள்ளைநோய் ஓயும்வரை காப்புரிமையை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டன. பணக்கார நாடுகள் பல மறுத்தன. இழுத்தடித்து, 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும் அரைகுறைச் சலுகை தந்தார்கள். இதற்கிடையே, 2021 முடியும்போது ஆப்பிரிக்காவில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட முழுத் தவணை கிட்டவில்லை. பணக்கார நாடுகளிலோ மூன்றாவது ஊசி நடந்துகொண்டிருந்தது!

காப்புரிமை மட்டும் போதாது, கைப்பக்குவமும் வேண்டும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். உண்மைதான். பட்டறையில் மூத்த தொழிலாளி இளையவனுக்குக் கற்றுத் தருவதில்லையா? அதுபோல் கற்றுத் தந்திருக்கலாமே! மாடர்னா கற்றுத் தரவில்லை. கேப் டவுன் நகரின் ஆஃப்ரிஜென் கூடத்தார், உலகச் சுகாதார அமைப்பின் துணையோடு, வெளியாகியிருந்த குறிப்புகளை வைத்தே 2022 தொடக்கத்தில் சோதனைக்கூட அளவில் அந்த ஊசியைச் செய்து காட்டினார்கள். கற்றதைப் பிற நாடுகளுக்கும் கற்பிக்க முன்வந்தார்கள்.

1955இல் வந்த சால்க்கின் போலியோ ஊசிக்குக் காப்புரிமை இல்லை. அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்கப் பொதுமக்கள் சில்லறைக் காசு போட்டார்கள். பலனை உலகமே பெற்றது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

இதே கொழுப்புத் துளி வழியில் காசநோய்க்கும் ஊசி தேடுகிறார்கள். அது வெற்றி பெறும் நாளில், நம் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அது வந்து சேருமா? கிருமி எல்லை பார்ப்பதில்லை. மக்கள் பணத்தில் விளைந்த மருந்துக்கு வேலி கூடாது என்று இன்றே கேட்போம்!