ஊர் பேர் தெரியாத மதர்போர்டு

நம் லேபில் உள்ள 8085 டிரெய்னர் கிட்டுகளில் ஐந்து, கொஞ்ச காலமாக ஸ்விட்ச் போட்டால் ஒரு எழுத்துகூடக் காட்டாமல் நின்றது நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். சந்தேகம் அவற்றில் இருக்கும் 2764 ஈப்ராம் மேல்தான். அதில் சேமித்த மின்னூட்டம் வருஷக்கணக்கில் மெல்லக் கசியும். அழித்துத் திரும்ப எழுதினால் போதும். ஆனால் பழைய 2764-ல் எழுத 21 வோல்ட் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி புரோகிராமர்கள் பல அவ்வளவு தருவதில்லை. லேபில் இருக்கும் பழைய புரோகிராமர் கார்டு தரும். அதுவோ ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் உட்காரும் கார்டு. அந்த ஸ்லாட் உள்ள ஒரே கம்ப்யூட்டர் செத்துப்போய், காயலான் கடைக்குப் போகிற லிஸ்டில் ஏறியிருந்தது. சாரிடம் கேட்டு ஒரு மாதம் தவணை வாங்கினேன். "இதுக்கு உசிர் வராது தம்பி" என்றார் லேப் அண்ணன்.

திறந்து பார்த்தால் போர்டில் கம்பெனி பெயரே இல்லை. 'மேட் இன் தைவான்' என்பதோடு சரி. 1984 நவம்பரில் புதிய கணினிக் கொள்கை வந்த பிறகு, வெளிநாட்டு போர்டுகளை வாங்கி இங்கே பூட்டி விற்பது பெருகியது. 'அசெம்பிள்டு' என்று சொல்வார்களே, அந்த வகை.

பெயர் எதற்கு, ஓடினால் போதாதா என்று கேட்கலாம். போர்டு முழுக்க ஜம்பர்கள். 486 டிஎக்ஸ்2-66 பிராசஸருக்கு 5 வோல்ட், டிஎக்ஸ்4-100க்கு 3.3 வோல்ட். ஜம்பர் மாறினால் பிராசஸர் காலி. எந்த ஜம்பர் எதற்கு என்று தெரிய, போர்டு எது என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் ஒரு கிரிவலம். (மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர், இதைச் சுற்ற ஒரு ஸ்கேல் நீளம் போதும்.) எல்லா ஐசி மேலும் நான்கு இலக்கத்தில் தேதி இருக்கும். 9418 என்றால் 1994-ம் வருஷம் 18-வது வாரம். இருப்பதிலேயே பிந்திய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், போர்டு அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்கும். எங்களுடையதில் அது 9418. பெரிய ஐசி எஸ்ஐஎஸ் 471, அதாவது 486-க்கான சிப்செட். பக்கத்தில் 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இதை 3-ஆல் வகுத்தால் 4.77, அது 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம். 12-ஆல் வகுத்தால் 1.193, அது நாம் பாடத்தில் உருப்போட்ட 8253 டைமருக்குப் போகும் கிளாக்! பரீட்சைக்காகப் படித்தது கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. பயாஸ் ஐசி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் யாரும் உரிக்காதீர்கள். அதுவும் ஈப்ராம்தான், வெயில் பட்டால் அழிந்துபோகும்.

நோய் எங்கே என்பது கண்ணுக்கே தெரிந்தது. கீபோர்டு கன்ட்ரோலர் பக்கத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல்-கேட்மியம் பேட்டரி, அதைச் சுற்றிப் பச்சைப் பாசி. கசிந்தது காரம். ஆகவே பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு மளிகைக் கடை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். நுரைத்து அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

கரண்ட் கொடுக்கும் முன் 5 வோல்ட், 12 வோல்ட் லைன்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் பட்டாசு வெடிக்கும். பவர் கனெக்டர் இரண்டு துண்டாக வரும். கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும், மாற்றிக் குத்தினால் கதை முடிந்தது.

கார்டு எதுவும் மாட்டாமல், ஸ்பீக்கர் மட்டும் வைத்து ஆன் செய்தேன். ஆறு பீப். எனக்கு ஒரே சந்தோஷம்! பீப் அடிக்கிறது என்றால் பிராசஸர், பயாஸ் இரண்டும் உயிரோடு இருக்கிறது. ஏஎம்ஐ பயாஸில் ஆறு பீப் என்றால் கீபோர்டு கன்ட்ரோலர், கேட் ஏ20 கோளாறு. பேட்டரி கசிந்த அதே இடம். லென்ஸ் வைத்துத் தேடியதில் தலைமுடி மாதிரி ஒரு டிராக் அரித்து அறுந்திருந்தது. மெல்லிய வயர் ஒன்றைச் சால்டர் செய்து, மறுபடி ஆன். எட்டு பீப். அது டிஸ்பிளே மெமரி இல்லை என்ற புகார். கார்டே போடவில்லையே! விஜிஏ கார்டு மாட்டியதும் திரை வந்தது.

திரையின் அடியில் ஓடும் நீளமான எண்தான் போர்டின் ஜாதகம். பாஸ் கீயை அழுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ளலாம். ஏஎம்ஐ எண்ணில் மூன்றாவது தொகுதியின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும். அந்தப் பெயரை வைத்து, டோட்டல் ஹார்ட்வேர் 99 என்ற பழைய தொகுப்பில் உள்ள கோட்டுப் படங்களோடு ஸ்லாட், ஜம்பர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், இரண்டாம் நாள் ராத்திரி படம் அப்படியே பொருந்தியது. வோல்ட்டேஜ் ஜம்பர் 5-ல்தான் இருந்தது.

புது பேட்டரிக்கு, வெளிப் பேட்டரி பின்னில் மூன்று பென்சில் செல், நடுவே ஒரு டையோடு. டையோடு இல்லாவிட்டால் போர்டு அந்த செல்களைச் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

புரோகிராமர் கார்டில் நல்ல கிட்டின் ஈப்ராமைப் படித்து வைத்து, மற்றவற்றை அல்ட்ரா வயலட் விளக்கில் அழித்து எழுதினோம். நான்கு கிட் எழுந்துவிட்டன. ஐந்தாவதில் ஈப்ராம் சரியாக இருக்கிறது, 8279 போயிருக்கிறது. ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஒன்று வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.