வீணீர் வீணன்று

குழந்தையின் வாயிலிருந்து ஒழுகும் நீரை ஈழத் தமிழர் வீணீர் என்பர். பிரித்து நோக்கின் வீணான நீர் எனத் தோன்றும். பெரியாழ்வாரோ தளர்நடைப் பதிகத்தில், கண்ணனின் வாயூறலைத் திறந்த கருப்பஞ்சாற்றுக் குடத்தோடு ஒப்பிட்டு மகிழ்கின்றார். அதனைப் பயிற்றுந்தோறும், ஆழ்வார் கண்டதே உண்மையென எண்ணுவேன்.

மூன்றாம் திங்களளவில் உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கின்றது. அதனை உடனுக்குடன் விழுங்கும் பயிற்சியோ, தடுத்து நிறுத்த முன்பற்களோ குழந்தைக்கு இல்லை, ஆதலின் வழிகின்றது. வாயை நனைத்துக் காப்பதும், பின்னர் உண்ணும் உணவை இளக்குவதும் அந்நீரே. பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் தானே குறையும். பல்லுக்கொழுக்கட்டை அவித்து மகிழும் நாம், பல்லுக்கு முன் வரும் நீரைக் கண்டு அஞ்சுவானேன்?

காக்கவேண்டியது தோலையே. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் கச்சான் வீசும் வெக்கையில், வியர்வையும் வீணீரும் கழுத்து மடிப்பிற் சேர்ந்து புண்ணாக்கும். பருத்தித் துணியால் ஒற்றுக; தேய்த்தல் ஆகாது. நனைந்த சட்டையை உடனே மாற்றுக. உலர்ந்தபின் சிறிது வாசலின் பூசுக.

ஓராண்டு நிரம்பாத குழந்தையின் ஈறில் தேன் தடவலாகாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள், தசையைத் தளர்த்தி மூச்சையும் முடக்கும் நஞ்சை உண்டாக்கவல்லன. கடுங்காய்ச்சலைப் பல் முளைப்பின்மேல் ஏற்றி வாளாவிருத்தலும் தவறு. திடீரென வீணீர் பெருகி, விழுங்கவோ மூச்சுவிடவோ குழந்தை இடர்ப்படின், கணமும் தாழாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நான்கு வயதுக்குப் பின்னும் ஓயாது வடியின் மருத்துவரை நாடுக. ஏனைய நாட்களில் ஒரு துணியும் சிறிது பொறுமையும் போதும்.