2 மில்லிமீட்டர் வால்நட்

1690-களில் லண்டனில் செய்த ஆளுயர வால்நட் கடிகாரத்தைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்புறம் பாருங்கள்: வெறும் ஓக் பலகை. வால்நட் என்பது முன்னும் பக்கங்களிலும் ஒட்டிய தகடுதான். கனம் சுமார் 2 மில்லிமீட்டர். இதில் ஏமாற்று இல்லை. சுழியும் கணுவும் நிறைந்த அழகான வால்நட்டை முழுப்பலகையாக விட்டால் முறுக்கிக்கொள்ளும்.

பெட்டியின் அளவை முடிவு செய்வது தச்சரல்ல, ஊசல். 1670 வாக்கில், சக்கரங்களின் ஓட்டத்தை ஊசலோடு இணைக்கும் நங்கூர வடிவப் பாகமான எஸ்கேப்மென்ட் வந்ததும் ஊசல் ஆடும் அகலம் சுருங்கியது; நீண்ட ஊசலும் ஒடுங்கிய பெட்டிக்குள் அடங்கியது. நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலுக்கு ஏறக்குறைய 99 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அது பெட்டியின் பக்கங்களில் இடிக்காமல் ஆடவும், இரண்டு எடைகள் எட்டு நாள் மெல்ல இறங்கவும் இடம் விட்டு ஓக் பெட்டியைக் கூட்டுவார்கள்.

பிறகு தகடு. கட்டையைக் கை ரம்பத்தால் ஏடு ஏடாக அறுத்து, அறுத்த வரிசை கலையாமல் வைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்தால்தான் பெட்டியின் கதவில் ரேகைகள் இடமும் வலமும் ஒத்துவரும். வரிசை கலைந்தால் அந்தக் கட்டையே வீண்.

ஒட்டுவதுதான் உண்மையான சோதனை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிய வஜ்ஜிரப் பசையை ஓக்கிலும் தகட்டிலும் பூசி, ஆறுவதற்குள் படியவைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள சுத்தியலால் அடிக்காமல், நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி இழுப்பார்கள். மிகுந்த பசையும் காற்றும் வெளியேறும். பின் விரலால் தட்டிக் கேட்பார்கள். பொள்ளலாக ஒலித்தால் அங்கே காற்று. கத்தியால் கீறி, சூடுகாட்டி மறுபடி அழுத்த வேண்டும். கணு வால்நட் இந்த இழுப்பைத் தாங்காது. அதற்குச் சூடாக்கிய பலகையை மேலே வைத்து இறுக்குவார்கள்.

கதவைச் சுற்றி, சாய்வாக அறுத்த இரு பட்டைகளை எதிரெதிராகச் சேர்த்த மீன்முள் கரை. விளிம்புகளில் குறுக்கு ரேகையில் வெட்டிய சிறு துண்டுகள். அவற்றை ஒட்டிய பிறகே வளைவு வளைவாக இழைப்பார்கள். பழைய கடிகாரங்களில் முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் இங்கேதான். கடைசியில் சுரண்டி, வார்னிஷ் பூசி, மெழுகு தேய்த்தால் பெட்டி தயார்.

முகப்பில் கடிகாரக்காரர் பெயர் பொறிப்பார். பெட்டி செய்தவர் பெயர் அநேகமாக எங்கும் இராது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இப்படிப்பட்ட பழைய கடிகாரத்தில் தகடு உப்பினால் நவீனப் பசையை ஊற்ற வேண்டாம். பழைய வஜ்ஜிரம் சூடும் ஈரமும் பட்டால் இளகும். அதே தகட்டை அதே இடத்தில் மறுபடி படியவைக்கலாம்.