விடைத்தாள் தங்கும் அறை

2021 அக்டோபர் 3 அன்று கர்நாடகத்தில் 545 எஸ்.ஐ. பணியிடங்களுக்கு 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுதினார்கள். 2022 ஜனவரியில் பட்டியல் வந்தது. சில மாதங்களில் கலபுரகியின் ஒரு தேர்வு மையத்திலிருந்து முறைகேடு வெளிப்படத் தொடங்கியது. தேறியவர்களின் கையிலிருந்த கார்பன் நகலையும் ஓஎம்ஆர் தாளையும் சிஐடி அருகருகே வைத்துப் பார்த்தபோது பலருடையவை ஒத்துப்போகவில்லை. விசாரணை கலபுரகியோடு நிற்காமல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. காவல் துறை ஆட்சேர்ப்புப் பிரிவின் ஸ்ட்ராங் ரூமுக்குள்ளேயே, விடை எழுதாமல் விடப்பட்ட கட்டங்கள் பின்னர் நிரப்பப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அந்தப் பிரிவின் தலைமையில் இருந்த ஏடிஜிபி 2022 ஜூலையில் கைதானார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்னணி இடங்களைப் பிடித்தார்கள். எழுதிய சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையும், சென்னைக்கு வரும் வழியில் கைவைக்கப்பட்ட விடைத்தாள் கட்டுகளும் அம்பலமாயின. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

இரண்டு ஊழல்களையும் சேர்த்துப் பார்த்தால் கவலை எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். நாம் தேர்வு அறையின் வாசலில் காவலைக் குவிக்கிறோம். தாலியையும் கம்மலையும்கூடக் கழற்றச் சொல்கிறோம். எழுதியவர் கையை விட்டுத் தாள் போன பிறகு அதைத் தொடுகிறவர்கள் யார், எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைச் சீனா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது. கன்பூசிய நூல்களில் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுக்கும் முறை, சூய் அரச மரபில் தொடங்கி 1905 வரை, சுமார் 1,300 ஆண்டுகள் நீடித்தது. சோங் ஆட்சியில், 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற சந்தேகம் எழுந்ததும், அரசு எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு தாளையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே திருத்தக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் மாணவர் எழுதுவது கறுப்பு மையில், எழுத்தரின் பிரதி சிவப்பு மையில் என்று வகுத்தார்கள். மூலத்தில் ஒரு வரி சேர்க்க நினைத்தால் பிரதி காட்டிக்கொடுக்கும். நம் கார்பன் நகலுக்கு இதுவே மூதாதை.

அப்படியும் ஊழல் நடந்தது. 1858இல் பெய்ஜிங் தேர்வில் ஒரு விடைத்தாள் மாற்றி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தலைமைத் தேர்வாளர் பாய் ஜுன் தலை துண்டிக்கப்பட்டார். அவர் அரசின் மிக உயர்ந்த அமைச்சர்களில் ஒருவர். அந்தக் கொடூரத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பொறுப்பு எந்த உயரம் வரை போகிறது, தீர்ப்பு எவ்வளவு விரைவில் வருகிறது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையமான கேபிஎஸ்சியின் 2011ஆம் ஆண்டு தேர்வை இதோடு வைத்துப் பாருங்கள். 362 கெஜட்டட் பணியிடங்கள். முறைகேடு என்று சொல்லி 2014இல் அரசே பட்டியலை ரத்து செய்தது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அங்கும் பட்டியல் நிற்கவில்லை. 2022இல் அதே பட்டியலுக்கு உயிர் கொடுக்கச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பதினோரு ஆண்டுகள்! உண்மையாகப் படித்துத் தேறியவர் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால் அவர் இளமை அதில் போயிற்று; பணம் கொடுத்தவர் இருந்திருந்தால் அவரும் அதே சட்டத்தில் கரையேறிவிட்டார். எஸ்.ஐ. தேர்வை எழுதியவர்களுக்கும் மறுதேர்வு 2024 ஜனவரியில்தான் வந்தது.

காவல் மட்டும் போதாது என்பதற்கும் சீனாவில் சாட்சி உண்டு. 1397இல் மிங் பேரரசின் தேர்வில் தேறிய 50க்கும் மேற்பட்டவர்கள் அனைவரும் தெற்கத்தியர். மறு ஆய்வில் மோசடி தெரியவில்லை. வடக்கு ஏற்கவில்லை, பேரரசர் ஆய்வாளர்கள் சிலரைக் கொன்று, வடக்கத்தியர் 61 பேரைத் தேர்ந்தெடுத்தார். 1420களில் தெற்கு, வடக்கு, நடு என்று வட்டார ஒதுக்கீடு வந்தது. மைசூர் சமஸ்தானமும் இதே இடத்துக்கு வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்டித் தேர்வு தொடங்கியது. 1918இல் பார்த்தால் உயர் பதவிகளில் பெரும்பகுதி ஒரே சமூகத்திடம். இதை ஆராய அமைக்கப்பட்ட மில்லர் குழு, ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதியாவது பிராமணர் அல்லாதாருக்குப் போக வேண்டும் என்றது. அப்போதைய திவான் விஸ்வேஸ்வரய்யா இந்தக் கொள்கையோடு உடன்படாமல் பதவியை விட்டார். என் பார்வையில் மில்லர் குழுவின் கணக்கே சரி: ஒரே வாசல் வழியாகத்தான் எல்லோரும் வர வேண்டுமென்றால், அந்த வாசலுக்கு வரும் பாதையும் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 27 அன்று நடந்த கேபிஎஸ்சி பிரிலிம்ஸில் அந்தப் பாதை கன்னடத்தில் படித்தவர்களுக்கே அடைபட்டது. 384 பணியிடங்களுக்கான வினாத்தாளில் ஆங்கிலக் கேள்விகளின் கன்னட வடிவம் பிழைகளோடு வந்தது. முதல்வர் மறுதேர்வுக்கு உத்தரவிட்டார். டிசம்பர் 29 மறுதேர்விலும் கன்னடம் பிழையோடுதான் வந்தது. பெங்களூரின் விஜயநகரிலும் சந்திரா லேஅவுட்டிலும் கோச்சிங் சென்டருக்காக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில் பலர் இப்படிப்பட்ட கிராமத்துக் கன்னடவழிப் பிள்ளைகள்.

தோற்றவர் தன் தோல்வியை நியாயம் என்று ஏற்கும்வரைதான் தேர்வுக்கு மரியாதை. அது போனால் என்ன ஆகும் என்பதற்குச் சீன வரலாற்றில் ஒரு பெயர் இருக்கிறது: ஹோங் சியூச்சுவான், தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற கிராமத்து ஆசிரியர். அவர் தலைமையில் எழுந்த தைப்பிங் கிளர்ச்சியில், 1850 முதல் 1864 வரை, சுமார் இரண்டு கோடிப் பேர் இறந்தார்கள். பஞ்சமும் வறுமையும் அதற்குப் பெரிய காரணங்கள். தோல்வியின் கசப்பும் அவற்றோடு சேர்ந்தது.

இப்போது தேர்வுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறுகின்றன. ஸ்ட்ராங் ரூமின் வேலையை சர்வர் எடுத்துக்கொள்ளும்; கார்பன் நகல் இருக்காது. தேர்வு முடிந்த அன்றே ஒவ்வொருவருடைய விடைப்பதிவும் அவர் கைக்குப் போக வேண்டும். சர்வரை யார், எந்த நேரத்தில் திறந்தார்கள் என்ற பதிவேடு தேர்வாணையத்துக்கு வெளியே இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். கன்னடக் கேள்விகளைக் கன்னடத்திலேயே எழுத ஆள் வேண்டும். இவை மூன்றும் அடுத்த அறிவிக்கையிலேயே எழுத்தில் வர வேண்டும்.