இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றா?

கண்ணாடிமுன் நின்று ஒருவர் வலக்கையை உயர்த்தினால், எதிரே தோன்றும் உருவம் இடக்கையை உயர்த்தும். அக்கண்ணாடி உலகில் நிகழ்வன யாவும் மெய்யுலகிலும் நிகழக் கூடுமா? கூடும் என்றே பௌதிக அறிஞர் நெடுங்காலம் நம்பினர். ஓர் ஆராய்ச்சியை இடவலம் மாற்றி அமைத்தால், முடிவும் இடவலம் மாறி வருமேயன்றி வேறு வேற்றுமை நேராது என்பது அவர்தம் துணிபு. இதனை இடவல ஒப்புமை எனலாம். ஆங்கில நூல்கள் 'பாரிட்டி' என்னும் சொல்லால் குறிக்கும்.

சங்குகளில் வலம்புரி அரிதாயிற்றே, மனிதரின் இதயமும் இடப்புறம் சாய்ந்துள்ளதே எனச் சிலர் வினவலாம். இவை உயிர்கள் வளர்ந்துவந்த வழியில் அமைந்த வேறுபாடுகள். வலம்புரி அரிதேயன்றி, இயற்கை விதியால் விலக்கப்பட்டதன்று. அறிஞர் கூறிய ஒப்புமை பொருள்களைப் பற்றியதன்று, விதிகளைப் பற்றியது.

1950களில் இத்துணிபுக்கு இடர் நேர்ந்தது. 'தீட்டா', 'டௌ' எனப் பெயரிடப்பட்ட இரு துகள்கள் நிறையாலும் வாழ்நாளாலும் ஒன்றாகவே காணப்பட்டன. ஆயினும் ஒன்று இரண்டு பையான்களாகவும், மற்றது மூன்று பையான்களாகவும் சிதைந்தது. ஒப்புமை விதிப்படி, ஒரே துகள் இவ்விரு வழியிலும் சிதைதல் இயலாது. 1956இல், அமெரிக்காவில் பணியாற்றிய சீன அறிஞர்களான லீ, யாங் இருவரும், இவ்விதி எங்கெங்கே சோதிக்கப்பட்டது என்று துருவி ஆராய்ந்தனர். மின்காந்த விசைக்கும், அணுக்கருவைப் பிணைக்கும் வல்விசைக்கும் சான்று இருந்தது. இத்தகைய சிதைவுகளுக்குக் காரணமான மெல்விசைக்கோ சான்று ஒன்றேனும் இல்லை!

சோதித்துப் பார்க்க முன்வந்தவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூ சியென்-ஷியுங் அம்மையார். 1912இல் சீனாவில் பிறந்த இவர், கணவருடன் செல்லவிருந்த கடற்பயணத்தையும் கைவிட்டு இப்பணியில் இறங்கினார். வாஷிங்டனில் இருந்த தேசிய அளவைக் கூடத்தின் ஆம்ப்ளர் முதலிய நால்வர் துணைநின்றனர்.

கோபால்ட்-60இன் அணுக்கரு சிதையும்போது ஓர் எலெக்ட்ரானை வெளியிட்டு நிக்கலாக மாறும். அக்கரு பம்பரம்போல் சுழல்வது. மேலிருந்து நோக்க, அது இடஞ்சுழியாகச் சுழன்று, எலெக்ட்ரான்களைக் கீழ்நோக்கியே மிகுதியாக வீசுகிறது எனக் கொள்வோம். அருகே செங்குத்தாக நிற்கும் கண்ணாடியில் பிம்பம் வலஞ்சுழியாகச் சுழலும். எலெக்ட்ரான்களோ அங்கும் கீழ்நோக்கியே செல்லும். இனி, மெய்யான பம்பரத்தையே தலைகீழாகத் திருப்பினால், அதுவும் வலஞ்சுழியாகும். ஆனால் எலெக்ட்ரான்கள் மேல்நோக்கிச் செல்லும். இவ்விரண்டும் ஒத்திருக்க வேண்டுமாயின், மேலும் கீழும் சமமாக வீசினாலன்றி வழியில்லை. ஒருபுறம் மிகுமாயின் ஒப்புமை பொய்யாகும்.

சாதாரண நிலையில், வெப்ப அலைவால் இப்பம்பரங்களின் அச்சுகள் பல திசையிலும் சிதறிக் கிடக்கும். ஆதலின், குளிர்ச்சியின் கடைசி எல்லையாகிய தனிச்சுழிக்குமேல் சுமார் 0.01 டிகிரி வரை படிகத்தைக் குளிர்வித்து, காந்தத்தால் அச்சுகளை ஒரு திசையில் நிறுத்தினர். காந்தத்தின் திசையை மாற்றியபோது, மேலே வைத்த கருவியில் பதிந்த எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மாறியது. எலெக்ட்ரான்கள் சுழற்சி அச்சின் எதிர்த்திசையிலேயே மிகுதியாகச் சென்றன. படிகம் சில நிமிடங்களில் சூடேறி அச்சுகள் கலைந்ததும் அவ்வேறுபாடு மறைந்தது. கருக்களின் அணிவகுப்பே அதற்குக் காரணம் என்பதும் இதனால் விளங்கியது.

மியூவான் துகள்களின் சிதைவை ஆராய்ந்த கார்வின், லெடர்மன், வைன்ரிச் மூவரும் சில நாட்களில் இதே முடிவைக் கண்டனர். 1957 ஜனவரி 15ஆம் நாள் செய்தி வெளியாயிற்று. ஒப்புமையே வெல்லும் எனப் பெருந்தொகை பந்தயம் கட்டவும் ஆயத்தமாயிருந்த பௌலியும் உண்மையை ஏற்றுக்கொண்டார். தீட்டாவும் டௌவும் கேயான் என்னும் ஒரே துகளே எனத் தெளிவாயிற்று. அவ்வாண்டின் நோபெல் பரிசு லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. மெய்ப்பித்துக் காட்டிய வூ அம்மையாருக்குப் பங்கில்லை. 1978இல்தான், பௌதிகத்துக்கான முதல் வுல்ஃப் பரிசு அவரைச் சென்றடைந்தது.

பிற விசைகளில் மெய்யாயிருந்தது மெல்விசையிலும் மெய்யே எனப் பேரறிஞரும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சோதியாமலே கொண்டிருந்தனர். "இது எங்கே மெய்ப்பிக்கப்பட்டது?" என வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், ஆசிரியர் அவனை அமரச் சொல்லுமுன் இவ்வரலாற்றை நினைத்தல் நன்று.