கீழ்ப்படிதலின் எல்லை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். கீழ்ப்படிதல் உயர்ந்த குணம் என்று வகுப்புத்தோறும் கூறி வந்தேன். ஆயினும் வரலாற்றுப் பாடத்தில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் என் நாக்கு சற்றுத் தயங்கும். அப்பெயர் பிரெடரிக் பவுலஸ்.

1890-ஆம் ஆண்டு பிறந்த இந்த ஜெர்மானியத் தளபதி, திட்டம் தீட்டுவதில் வல்லவர். சோவியத் நாட்டின்மீது 1941-இல் நிகழ்ந்த படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் இவரும் ஒருவர். ஆனால் போர்க்களத்தில் ஒரு டிவிஷனைக்கூட நடத்திய அனுபவம் இவருக்கு இல்லை. அத்தகையவரிடம் 1942 ஜனவரியில் ஆறாவது சேனை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 19-இல் சோவியத் படைகள் எதிர்த் தாக்குதல் தொடுத்தன. நான்கே நாட்களில், ஸ்டாலின்கிராடில் சுமார் இரண்டரை இலட்சம் வீரர் முற்றுகைக்குள் அகப்பட்டனர். முற்றுகையை உடைத்து வெளியேற பவுலஸ் அனுமதி வேண்டினார். ஹிட்லர் மறுத்தார். விமானங்கள் உணவு கொண்டுவரும் என்றார் கோரிங். நாளொன்றுக்கு 300 டன்னாவது தேவைப்பட்டது. வந்ததோ சராசரியாக 100 டன் அளவே. கொடும்பனியில் வீரர்கள் பசியால் மடிந்தனர்.

டிசம்பரில் மான்ஸ்டைனின் மீட்புப் படை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு வரை வந்தது. அப்போதும் தலைமையின் உத்தரவின்றிப் பவுலஸ் நகரவில்லை. எரிபொருள் போதாது என்பதும், அச்சேனை அங்கு நின்றதால் காக்கஸஸிலிருந்த ஜெர்மானியப் படைகள் பின்வாங்க அவகாசம் கிடைத்தது என்பதும் அவர் தரப்பு நியாயங்கள். அவற்றை நாம் புறக்கணித்தல் ஆகாது. எனினும் 1943 ஜனவரி 8-இல் சோவியத் தரப்பு சரணடையுமாறு அழைத்தபோது, வெற்றிக்கு வழியே இல்லை. அவ்வழைப்பும் மறுக்கப்பட்டது. அதன்பின் விழுந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு?

ஜனவரி 30-இல் ஹிட்லர் அவருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் அளித்தார். அப்பதவியினர் எவரும் உயிருடன் பிடிபட்டதில்லை என்பது ஹிட்லரின் எண்ணம். ஆகவே அது தற்கொலைக்கு விடுத்த மறைமுக அழைப்பு. மறுநாள் பவுலஸ் சிறைப்பட்டார். கைதான சுமார் 91,000 பேரில் தாய்நாடு திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேரே.

1944-இல் அவர் ஹிட்லருக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1946-இல் நூரம்பர்க் விசாரணையில், தாம் பங்குகொண்ட படையெடுப்புத் திட்டத்தைப் பற்றியே சாட்சியம் கூறினார். 1953-இல் விடுதலை பெற்று, 1957-இல் டிரெஸ்டனில் மறைந்தார்.

அவர் பிற்காலத்தில் பேசிய உண்மைகள், மாண்ட வீரரை மீட்கவில்லை. நான் கற்பித்த பாடத்தில் விட்டுப்போன ஒரு வரியை இன்று சேர்க்கிறேன்: பெரியோர் சொல் கேளுங்கள், ஆனால் கட்டளையிட்டவர் வேறொருவர் என்பதனால், உங்கள் கையால் நிகழ்வதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று ஒருநாளும் எண்ணாதீர்கள்.